தனியே ஒரு மிதிவண்டிப் பயணம்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

உலகத்தைத் தன்னந்தனியாக மிதிவண்டியில் சுற்றி வந்த பெண்களைப் பற்றிச் செய்தித்தாளில் வந்தால் நம் வீடுகளில் எல்லோரும் வியக்கிறார்கள். “பார்த்தாயா, என்ன துணிச்சல்!” என்று நம்மிடமே எடுத்துக் காட்டுகிறார்கள். அந்தத் தாளை மடித்து வைக்கும்போதே, “அம்மா, நான் சைக்கிளில் வேளாங்கண்ணி வரை போய் வரட்டுமா?” என்று கேட்டுப் பாருங்கள், தோழியரே! நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணி 12 கிலோ மீட்டர்தான். ஆனால் கிடைக்கும் பதில் நம் அனைவருக்கும் தெரியும். “யார் துணைக்கு வருகிறார்கள்?” என்பது முதல் கேள்வி. “பேருந்து ஓடவில்லையா?” என்பது இரண்டாவது கேள்வி. “நாலு பேர் என்ன நினைப்பார்கள்?” என்பது மூன்றாவது. மூன்றாவது கேள்வி வந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று பொருள்.

வெளிநாடுகளின் வழியே தனியாக மிதிவண்டியில் நெடும்பயணம் செய்ய வேண்டும் என்று ஒரு பெண் விரும்பினால், அது முறையான ஆசை, நல்ல ஆசை என்பது என் கருத்து. அதை எதிர்ப்பவர்கள் சொல்லும் காரணங்களில் சில சரியானவை. அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் நம் நாட்டுப் பெண் ஒருவர். புனே நகரத்தைச் சேர்ந்த வேதாங்கி குல்கர்னி, 2018-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மிதிவண்டியில் ஏறினார். அவ்வாண்டு டிசம்பரில் கொல்கத்தாவில் தம் பயணத்தின் இறுதிக் கிலோ மீட்டர்களை மிதித்து முடித்தார். அப்போது அவருக்கு வயது 20. மொத்தம் 14 நாடுகள், 159 நாட்கள், ஏறத்தாழ 29,000 கிலோ மீட்டர். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சராசரியாக நாளொன்றுக்கு 182 கிலோ மீட்டர் வருகிறது. நம் ஊரிலிருந்து தஞ்சாவூருக்குப் போய், பெரிய கோயிலைக் கூடப் பார்க்காமல் அப்படியே திரும்பி வருவதைவிடச் சற்று அதிகம். அதுவும் ஒரு நாள் அல்ல, ஐந்து மாதத்துக்கும் மேல்! கனடாவில் ஒரு கரடி அவரைத் துரத்தியது. ரஷ்யாவில் பனியில் தனியே கூடாரம் அடித்து இரவுகளைக் கழித்தார். ஸ்பெயினில் கத்தியைக் காட்டிப் பணத்தைப் பறித்துக் கொண்டார்கள். வழியின் பெரும்பகுதியில் அவருக்குத் துணை யாரும் இல்லை. அதே 2018-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜென்னி கிரகாம் 124 நாட்களிலும், 2024-இல் அமெரிக்காவைச் சேர்ந்த லயல் வில்காக்ஸ் 108 நாட்களிலும் உலகைச் சுற்றி முடித்தார்கள். இவையெல்லாம் பந்தயக் கணக்குகள். எனக்கு இவற்றில் வியப்பு உண்டு. ஆயினும் ஆசை இல்லை. ஒரு நாட்டை மணிக்கணக்குப் பார்த்துக் கொண்டே கடந்தால் அந்த நாட்டில் என்ன பார்த்திருக்க முடியும்?

என் மனத்தைக் கவர்ந்தவர் வேறொருவர். பந்தயம் எதிலும் கலந்து கொள்ளாதவர். அயர்லாந்து நாட்டில் லிஸ்மோர் என்னும் சிறிய ஊரில் 1931-இல் பிறந்த டெர்வ்லா மர்ஃபி. பத்தாவது பிறந்த நாளுக்கு அவருக்கு இரண்டு பரிசுகள் கிடைத்தன. பெற்றோர் ஒரு பழைய மிதிவண்டியும், தாத்தா ஒரு நிலப்படப் புத்தகமும் கொடுத்தார்கள். சில நாட்கள் கழித்து ஊருக்கு அருகில் ஒரு மேட்டில் மிதித்து ஏறிக் கொண்டிருந்த சிறுமி தன் கால்களைப் பார்த்தாளாம். இப்படியே மிதித்துக் கொண்டே போனால் இந்தியாவுக்குப் போய்விடலாமே என்று தோன்றியதாம். அன்றே முடிவு செய்துவிட்டாள். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. பெரியவர்கள் சிரிப்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. (பத்து வயதுப் பெண்கள் எல்லா நாட்டிலும் ஒன்று போலத்தான் இருக்கிறார்கள்.)

நம்மைப் போல அவரும் கன்னியர் மடப் பள்ளியில் படித்தவர் என்பதை அறிந்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. வாட்டர்ஃபோர்டு நகரில் உர்சுலின் சபைக் கன்னியர் நடத்திய விடுதிப் பள்ளி அது. ஆனால் பதினான்காம் வயதில் படிப்பு நின்றது. அவருடைய தாயார் மூட்டு வாத நோயால் கை கால் முடங்கிப் படுத்த படுக்கையானார். ஒரே மகளான டெர்வ்லா வீட்டோடு தங்கித் தாயைக் கவனித்துக் கொண்டார். பதினான்கு வயதில் தொடங்கிய அந்தப் பணி பதினாறு ஆண்டுகள் நீடித்தது. 1961-இல் தந்தையும் 1962-இல் தாயும் இறந்தனர். 1963-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், ஐரோப்பாவை உறைய வைத்த கொடுங்குளிரில், பத்து வயதில் போட்ட திட்டத்தை முப்பத்தொன்றாவது வயதில் நிறைவேற்றப் புறப்பட்டார்.

இந்த இடத்தில் சிலர் என்னை மடக்குவார்கள். “பார், அந்தப் பெண்ணும் கடமையை முடித்துவிட்டுத்தானே போனாள்? நீயும் படிப்பை முடி, குடும்பக் கடமையை முடி, பிறகு போ” என்பார்கள். கடமையைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் அந்தப் பதினாறு ஆண்டுகளைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். இடையிடையே சில வாரங்கள் விடுப்புக் கிடைத்தபோதெல்லாம் டெர்வ்லா மிதிவண்டியை எடுத்துக் கொண்டு கிளம்பினார். 1951-இல் வேல்ஸ், தென் இங்கிலாந்து. அடுத்த ஆண்டு பெல்ஜியம், ஜெர்மனி, பிரான்சு. பிறகு ஸ்பெயின். “நீ போய் வா” என்று தூண்டியவர் யார் தெரியுமா? படுக்கையில் கிடந்த அந்தத் தாயேதான்! மகள் கையால்தான் தமக்கு எல்லாம் நடக்க வேண்டும் என்ற நிலையிலும் அந்த அம்மாள் அப்படிச் சொன்னார். உலகம் சுற்றிய பெண்களைப் பாராட்டுபவர்கள் அந்தத் தாயை மறந்துவிடுகிறார்கள். எனக்கு என்னவோ, அந்த வீட்டில் மகளைவிடத் தாயே அதிகத் துணிவுள்ளவர் என்று தோன்றுகிறது. இதைப் படிக்கும் தாய்மார்கள் தவறாக எண்ண வேண்டாம்.

சிறு பயணங்கள் இல்லாமல் பெரும் பயணம் அமையாது என்பதற்காகவும் இதைச் சொன்னேன். முப்பத்தொன்றாவது வயது வரை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்து, பிறகு திடீரென்று “இப்போது போ” என்று கதவைத் திறந்துவிட்டிருந்தால் அவர் பக்கத்து ஊர் வரைதான் போயிருப்பார்.

அவர் எப்படி ஆயத்தம் செய்தார் என்பது சுவையான செய்தி. அவருடைய மிதிவண்டி ஆண்கள் ஓட்டும் வகை. எடை 37 ராத்தல், அதாவது ஏறத்தாழ 17 கிலோ. ரோசினான்டி என்னும் குதிரையின் பெயரைச் சுருக்கி அதற்கு ‘ராஸ்’ என்று பெயரிட்டார். ஸ்பானிய நாவலில் டான் குயிக்சோட் என்னும் பைத்தியக்கார வீரன் ஏறிச் சென்ற நோஞ்சான் குதிரை அது. வண்டியில் இருந்த கியரைக் கழற்றி எறிந்துவிட்டார். ஆசியாவின் கரடு முரடான சாலையில் அந்த நுட்பமான கருவி தாங்காது, கெட்டுப் போனால் பழுது பார்க்க ஆள் கிடைக்காது என்பது அவர் கணக்கு. மாற்று டயர்களை வழியிலுள்ள பிரிட்டிஷ் தூதரகங்களுக்கு முன்கூட்டியே அஞ்சலில் அனுப்பி வைத்தார். கைத்துப்பாக்கி ஒன்று வாங்கி, சுடவும் கற்றுக் கொண்டார். பிரான்சு, இத்தாலி, யூகோஸ்லாவியா, பல்கேரியா, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் என்று கடந்து ஜூலை மாதம் தில்லியை அடைந்தார். ஆறு மாதப் பயணத்துக்கு ஆன செலவு 64 பவுன் சொச்சம். பனியில் மிதிக்க முடியாத இடங்களில் ரயிலிலும் லாரியிலும் ஏறினார். அதை மறைக்காமல் தம் நூலில் எழுதினார். தில்லி வந்ததும் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகவில்லை. தர்மசாலாவில் திபெத்திய அகதிக் குழந்தைகளிடையே மாதக் கணக்கில் பணி செய்தார். பத்து ஆண்டுகளுக்குப் பின் தம் ஐந்து வயது மகளை அழைத்துக் கொண்டு தென்னிந்தியாவுக்கும் வந்து குடகில் தங்கினார். இருபதுக்கும் மேற்பட்ட நூல்கள் எழுதி, 2022-ஆம் ஆண்டு தம் 90-ஆம் வயதில் காலமானார்.

இனி ஆபத்தைப் பற்றிப் பேசுவோம். பெற்றோர் அஞ்சுவதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். டெர்வ்லாவை யூகோஸ்லாவியாவில் ஓநாய்கள் தாக்கின; துப்பாக்கியால் சுட்டுத் தப்பினார். துருக்கியில் இரவில் அவர் அறைக்குள் ஒருவன் நுழைந்தான். மேல்நோக்கிச் சுட்டு விரட்டினார். ஆப்கானிஸ்தானில் மிதிவண்டியை விட்டுப் பேருந்தில் ஏறியிருந்தபோதுதான் துப்பாக்கிக் கட்டையால் இடிபட்டு அவர் விலா எலும்புகள் முறிந்தன. வேதாங்கிக்கு நேர்ந்ததை முன்பே சொன்னேன். 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதம், மோட்டார் சைக்கிளில் உலகம் சுற்றி வந்த ஒரு வெளிநாட்டுப் பெண்மணிக்கு நம் நாட்டிலேயே ஒரு கிராமத்தருகில் இழைக்கப்பட்ட கொடுமையை நினைத்தால் தலை குனிய வேண்டியிருக்கிறது. அவர் தனியாகக் கூட வரவில்லை. கணவர் உடன் இருந்தார்.

இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தெரிகிறது. கரடியும் ஓநாயும் குளிரும் ஆணையும் பெண்ணையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. பெண்ணுக்கென்று தனியாக வரும் ஆபத்து மனிதரிடமிருந்து வருகிறது. அது மிதிவண்டியில் போவதால் வருவதல்ல. பேருந்தில் வருகிறது, தெரு முனையில் வருகிறது, தெரிந்தவர் வீட்டிலும் வருகிறது என்று நம் பள்ளியிலேயே விழிப்புணர்வு வகுப்பில் கற்றுத் தந்தார்கள். அப்படியிருக்க, அந்த ஆபத்துக்காகப் பெண்ணை வீட்டில் வைப்பதே பரிகாரம் என்றால், தவறு செய்பவன் சாலையில் நடமாட, தவறு செய்யாதவள் உள்ளே இருப்பாள். இது என்ன நீதி? பயத்தைக் காரணம் காட்டி, “எப்படிப் போனால் பாதுகாப்பு?” என்று கேட்கும் பெற்றோரிடம் நான் மணிக்கணக்கில் பேசத் தயார். “போகவே கூடாது” என்பவர்களிடம் பேச வழியில்லை.

இன்னொரு மறுப்பு, பெண் என்றால் ஓரிடத்தில் அடங்கி இருப்பதுதான் அழகு, அலைவது அழகல்ல என்பது. இதை நம் போன்ற கத்தோலிக்கப் பள்ளியில் யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அவிலா நகர்ப் புனித தெரேசாளை நினைத்துப் பாருங்கள். மூடு வண்டிகளில் ஸ்பெயின் நாடெங்கும் சென்று 17 மடங்களை நிறுவினார். 1582-இல், நோயுற்ற உடலோடு, 66 வயதில் புர்கோஸ் நகருக்குப் போகும்போது ஆற்று வெள்ளம் வண்டிகளை அடித்துச் செல்லப் பார்த்தது. அக்காலத்தில் ஸ்பெயினிலிருந்த திருத்தந்தையின் தூதரே, ஓரிடத்தில் இருக்க மாட்டாமல் ஊர் சுற்றும் பெண் என்று அவரை ஏசினார். அந்த ஊர் சுற்றும் பெண்ணைத்தான் 1970-இல் திருத்தந்தை ஆறாம் பவுல், திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவித்தார். பெண்களில் அந்தப் பெருமையை முதலில் பெற்றவர் அவரே.

தமிழ்நாட்டுக்கு வந்த கன்னியரை எடுத்துக் கொள்வோம். 1842-இல் அயர்லாந்திலிருந்து பிரசன்டேஷன் சபைச் சகோதரியர் சென்னைக்கு வந்தனர். 1865-இல் பிரான்சிலிருந்து மதுரை மிஷனுக்கு வந்த அன்னை ஒருவர், பாடுகளின் மரியாள் என்ற துறவறப் பெயர் கொண்டவர், 1877-இல் உதகமண்டலத்தில் பிரான்சிஸ்கன் மரியின் ஊழியர் சபையைத் தொடங்கினார். சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதே 1869-இல்தான். அதற்கு முன் இங்கு வருவது எத்தகைய பயணமாக இருந்திருக்கும்! மொழி தெரியாது, உணவு தெரியாது, திரும்பிப் போவோம் என்ற உறுதியும் கிடையாது. அவர்களுடைய பெற்றோரிடமும் “நாலு பேர் என்ன நினைப்பார்கள்?” என்று யாராவது கேட்டிருப்பார்கள். அவர்கள் போனது இறைப்பணிக்கு, நீ போவது ஊர் பார்க்க என்று சகோதரியர் என்னிடம் சொல்லலாம். உண்மைதான். இரண்டும் ஒன்று என்று நான் வாதிடவில்லை. தனியே நெடுந்தொலைவு போன பெண் கெட்டுப் போவாள் என்பது பொய் என்பதற்கு மட்டுமே அவர்களைச் சாட்சிக்கு அழைத்தேன்.

ஆண்கள் இவ்வாறு போனபோது யாரும் அழகைப் பற்றிப் பேசவில்லை. 1923-ஆம் ஆண்டு பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் மிதிவண்டியில் உலகம் சுற்றக் கிளம்பினர். அடி ஹக்கிம், ஜல் பாபாசோலா, ருஸ்தம் பம்காரா ஆகிய மூவர் 71,000 கிலோ மீட்டர் சுற்றி 1928-இல் ஊர் திரும்பினர். வங்காளத்தைச் சேர்ந்த ராம்நாத் பிஸ்வாஸ் 1931-இல் சிங்கப்பூரிலிருந்து தனியே புறப்பட்டு நாடு நாடாகச் சுற்றி, அதை வைத்தே வங்க மொழியில் ஏராளமான நூல்கள் எழுதினார். ஒரிசாவைச் சேர்ந்த ஓவியர் பிரத்யும்ன குமார் மகாநந்தியா 1977-இல் தில்லியில் 60 ரூபாய்க்கு ஒரு பழைய மிதிவண்டி வாங்கி, தாம் விரும்பிய பெண்ணைத் தேடி ஸ்வீடன் வரை போனார். இதை எல்லோரும் காவியக் காதல் என்று கொண்டாடுகிறார்கள். ஒரு பெண் அப்படிப் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை எழுத இந்த மலரில் இடம் போதாது.

வெளிநாட்டிலும் தொடக்கத்தில் நிலைமை வேறாக இல்லை. 1894-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து ஆனி லண்டன்டெரி என்பவர், மூன்று குழந்தைகளுக்குத் தாய், மிதிவண்டியில் உலகம் சுற்றக் கிளம்பினார். லண்டன்டெரி அவருடைய பெயரே அல்ல. அது ஒரு தண்ணீர்க் குழுமத்தின் பெயர். 100 டாலர் வாங்கிக் கொண்டு அந்தப் பெயரைச் சூட்டிக் கொண்டார். நீண்ட பாவாடையோடு கனத்த பெண்கள் வண்டியில் கிளம்பியவர், சிகாகோ நகரிலேயே அதை மாற்றி, இலேசான ஆண்கள் வண்டியும் கால்சட்டையும் எடுத்துக் கொண்டார். உடையைப் பார்த்தே பாதிப் பேர் ஏசினார்களாம். 15 மாதத்தில் சுற்றி வந்தார்; ஆனால் அதில் பெரும்பகுதி கப்பல் பயணம். போதாக்குறைக்கு இந்தியாவில் புலி வேட்டையாடினேன் என்று கூட்டங்களில் கதை அளந்தார். டெர்வ்லா லாரியில் ஏறியதைக் கூட ஒளிக்காமல் எழுதினார் என்பதால்தான் அவர் எழுதிய மற்றவற்றையும் நான் நம்புகிறேன்.

இதெல்லாம் எங்கோ நடந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். நமக்கு அருகிலேயே, புதுக்கோட்டை மாவட்டத்தில், 1991-ஆம் ஆண்டு முதல் நடந்ததை நம் தாய்மாரில் பலர் அறிவார்கள். அறிவொளி இயக்கத்தில் எழுதப் படிக்கக் கற்றுக் கொண்ட பெண்களுக்கு மிதிவண்டியும் கற்றுத் தர ஏற்பாடாயிற்று. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கம் அளித்தார். கல் குவாரித் தொழிலாளர், வயல் வேலை செய்வோர், கிராமச் செவிலியர், பாலர்பள்ளி ஆயாக்கள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டப் பழகினார்கள். தொடக்கத்தில் ஆண்கள் கேலி செய்தார்கள், கெட்ட வார்த்தை பேசினார்கள். பெண்கள் அதைக் காதில் போட்டுக் கொள்ளவில்லை. 1992-ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று சுமார் 1,500 பெண்கள் கொடி கட்டிய மிதிவண்டிகளில் புதுக்கோட்டை நகரத்துக்குள் வந்தபோது ஊரே திகைத்து நின்றது. பத்திரிகையாளர் சாய்நாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அதில் ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. பல பெண்கள் ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்களாம். நடுவில் உள்ள குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது காரணம். நோட்டுப் புத்தகத்தில் பெண்மை, நாணம் என்று எழுதிக் கொண்டிருப்பவர்களுக்கு இது எங்கே தெரியப் போகிறது?

அந்தப் பெண்கள் கடந்தது வெளிநாட்டு எல்லை அல்ல. தண்ணீர்க் குழாய்க்கும் வயலுக்கும் ரேஷன் கடைக்கும் போனார்கள். இருந்தாலும் அண்ணனோ கணவனோ கொண்டு போய் விடக் காத்திராமல், நினைத்த நேரத்தில் தானே கிளம்புவது என்ற ஒன்றில், அவர்களுக்கும் உலகம் சுற்றியவர்களுக்கும் அதிக வேறுபாடு இல்லை. இப்போது நம் அம்மாக்களுக்கு ஸ்கூட்டி வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் நம்மைப் பின்னால் உட்கார வைத்துக் கொண்டு வந்து பள்ளி வாசலில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். மற்றவர்கள் வேனிலும் ஆட்டோவிலும் அடைந்து வருகிறார்கள். “கல்லூரிக்குப் போகும்போது உனக்கும் ஸ்கூட்டி வாங்கித் தருகிறேன், இப்போது எதற்கடி சைக்கிள்?” என்று என் பெரியம்மா கேட்டார். பெட்ரோல் போட அப்பாவிடம் பணம் கேட்க வேண்டுமே, பெரியம்மா!

நம் ஊருக்கு வெளிநாடு புதிதல்ல. ரஜுலா என்னும் கப்பல் 1970-கள் வரை நம் நாகப்பட்டினத்தில் ஆட்களை ஏற்றிக் கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போயிற்று. நம் தாத்தாக்களில் எத்தனையோ பேர் அதில் போய் வந்தவர்கள். பாட்டிமார்கள் போனால் கணவரோடு போனார்கள். இல்லாவிட்டால் கரையில் நின்று அழுதுவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் இங்கிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கியது. சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. மழைக்காலத்தில் இடையிடையே நிற்பதும் உண்டு. கடல் வழி ஏறத்தாழ 110 கிலோ மீட்டர், சுமார் நான்கு மணி நேரம். சென்னைக்குப் போவதைவிட வெளிநாட்டுக்குப் போவது அருகில் என்ற நிலை தமிழ்நாட்டில் எத்தனை ஊருக்கு உண்டு?

எனவே என் பயணத்தை நான் நிலப்படத்தில் குறித்து வைத்திருக்கிறேன். டெர்வ்லாவைப் போல ரகசியமாக வைக்கவில்லை. இதோ அச்சிலேயே போட்டாயிற்று. காங்கேசன்துறையில் இறங்கி, யாழ்ப்பாணம் 18 கிலோ மீட்டர். சைக்கிள் இங்கிருந்து போனாலும் சரி, அங்கே வாங்கினாலும் சரி. யாழ்ப்பாணத்தில் பள்ளிப் பிள்ளைகளும், சேலை கட்டிய ஆசிரியைகளும் சைக்கிளில் போவது நெடுங்கால வழக்கம். போர்க்காலத்தில் எரிபொருள் வராதபோது அந்த ஊரே சைக்கிளில்தான் இயங்கியது. அங்கே சைக்கிளில் போகும் பெண்ணை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நிலமும் நம் ஊர் போலவே சமதரை. நெல்வயலுக்குப் பதில் பனந்தோப்பு. அங்கிருந்து தெற்கே மடு மாதா திருத்தலம். 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கத்தோலிக்கரைத் துன்புறுத்தியபோது மக்கள் மாதா சுரூபத்தை எடுத்துக் கொண்டு காட்டுக்குள் ஓடி வைத்த இடம் அது. அதே டச்சுக்காரர்கள்தான் 1658-இல் நம் நாகையையும் பிடித்தார்கள் என்பதை வரலாற்று ஆசிரியைக்கு நினைவூட்டுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து மடுவுக்கு, அவசரப்படாமல் மிதித்தால், இரண்டு நாள் வழி. வேளாங்கண்ணி மாதாவிடம் சொல்லிக் கொண்டு கிளம்பி மடு மாதாவிடம் போய்ச் சேருவது! ஆகஸ்டு 29-ஆம் நாள் கொடியேற்றத்துக்கு முன் எத்தனை ஊர்களிலிருந்து பெண்கள் காவி உடுத்தி, வெறுங்காலோடு, நாள் கணக்கில் நடந்து வேளாங்கண்ணிக்கு வருகிறார்கள்? வழியெல்லாம் அவர்களுக்கு மோரும் சோறும் தருகிறோமே தவிர, யாராவது தடுத்தோமா? செப்டம்பர் 8-ஆம் நாள் வரை நடப்பதற்கு அனுமதி உண்டு. மறுநாள் முதல் அதே சாலை ஆபத்தாகிவிடுகிறதா?

இதற்கு இப்போதே செய்யக் கூடிய வேலை இருக்கிறது. எங்கள் பள்ளி போன்ற அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புக்கு அரசு விலையில்லா மிதிவண்டி தருகிறது. வருகிற ஆண்டு அது எங்கள் வகுப்புக்கு வரும். சென்ற ஆண்டுகளில் வந்த வண்டிகளில் பல இப்போது அண்ணன்மாரிடமும் சித்தப்பாமாரிடமும் ஓடிக் கொண்டிருக்கின்றன. சில வீட்டுக் கொல்லையில் மழையில் நனைகின்றன. முதலாவதாக, கொடுக்கும் அன்றே பஞ்சர் ஒட்டவும் கற்றுத் தர வேண்டும். பெரிய வித்தை அல்ல. டயரை நெம்பி ட்யூபை உருவி, காற்றடித்து, வாளித் தண்ணீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம்தான் ஓட்டை. ஈரம் போகத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும் வரை பொறுத்து, ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். அந்தப் பொறுமைதான் நம்மில் பலரிடம் இல்லை. ஈரச் சொல்யூஷனில் ஒட்டினால் பாதி வழியில் பிடுங்கிக் கொள்ளும். டயரின் உட்புறத்தை விரலால் தடவி முள் இன்னும் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கருவேல முள் நம் ஊரில் எங்கும் உண்டு. செயின் கழன்றால் மாட்டவும், பிரேக் கட்டை மாற்றவும் ஒரு மணி நேரம் போதும். தையல் வகுப்பில் பித்தான் தைக்கக் கற்றுத் தந்த பள்ளி இதையும் கற்றுத் தரலாம்.

இரண்டாவது, சனிக்கிழமைகளில் வேளாங்கண்ணி வரை போய் வர அனுமதி வேண்டும். முதல் மாதம் ஆசிரியை ஒருவரோடு வரிசையாகப் போவோம். அடுத்த மாதம் இருவர் இருவராக. பிறகு, பெற்றோர் கையெழுத்திட்டுக் கொடுத்தால், ஒவ்வொருத்தியாக. பாப்பாகோவிலில் ஒரு முறை, பரவையில் ஒரு முறை, போய்ச் சேர்ந்ததும் ஒரு முறை வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்களும் சுற்றுலாப் பேருந்துகளும் விரைந்து வருகின்றன என்பது மெய்யான கவலை. ஆகவே காலை ஆறு மணிக்குக் கிளம்பி எட்டரைக்குள் திரும்பிவிட வேண்டும். அமாவாசை, பௌர்ணமி, திருவிழா நாட்கள் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேண்டவே வேண்டாம். ஆடி மாதம் மட்டும் போகலாம் என்பேன். மலை இல்லாத ஊரில் பிறந்த நமக்கு ஏற்றம் என்றால் பாலம் ஒன்றுதான். மிதிப்பதில் உள்ள உண்மையான சிரமத்தை ஆடிக் காற்றுதான் கற்றுத் தரும்.

தலைமையாசிரியைச் சகோதரியிடம் இதற்கான விண்ணப்பத்தை எங்கள் வகுப்பு மாணவியர் சேர்ந்து எழுதி வருகிறோம். கையெழுத்திட விரும்பும் தோழியர் பெற்றோரிடம் கேட்டுக் கொண்டு வரவும். பெற்றோருக்கு ஐயம் இருந்தால் அதையும் ஒரு தாளில் எழுதி வாங்கி வாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத ஒரு நோட்டுப் புத்தகம் தனியாகப் போட்டிருக்கிறோம்.